அப்பாவின் கால் வலிக்கு முதுகில் ஊசியா?

வாசகி கேள்வி: நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 54 வயது, லாரி டிரைவர். ஒன்பது வாரத்துக்கு முன்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. பத்து நாளில் இடுப்பு வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் இடது பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று இறங்கி, பாதத்தின் மேல்பக்கம் பெருவிரல் வரை இழுக்கிறது. உட்கார்ந்தால் தாங்க முடியவில்லை. மாத்திரையும் பிசியோதெரபியும் ஆறு வாரம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் இடது பக்கம் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, எல்3-எல்4, எல்5-எஸ்1 இரண்டிலும் பல்ஜ் என்று இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் சி-ஆர்ம் எக்ஸ்-ரே கருவி வைத்து முதுகில் ஊசி போடலாம், மூன்று ஊசி ஒரு பேக்கேஜ், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்கிறார்கள். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். போன மாத எச்.பி.ஏ.1.சி. 8.9. ஒன்றரை வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் ஒரு கேப்சூல் சாப்பிடுகிறார். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போடலாமா? அம்மாவுக்கு 49 வயது, அவருக்கும் சுகர். நாலு மாதமாக வலது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார்கள். அவருக்கும் இதே ஊசி போட்டுவிடலாமா?

வலி மருத்துவர் பதில்:

அப்பாவுக்கு ஊசி நியாயமான யோசனைதான். மூன்று ஊசி பேக்கேஜ் நியாயமில்லை. தேதி குறிப்பதற்கு முன்னால் அந்தக் கேப்சூலையும் சுகரையும் பார்த்தாக வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது வேறு ஊசி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எம்.ஆர்.ஐ.யைவிட எனக்கு உதவிய வரி, "இடுப்பு வலி போய்விட்டது, கால் வலி நிற்கிறது" என்பது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அதன் உள்ளே இருக்கும் கூழ் போன்ற பொருள் வெளியே பிதுங்கும்போது நரம்பின் வேரை அழுத்துவதோடு நில்லாமல், அங்கே ஒரு ரசாயன அழற்சியையும் கிளப்பிவிடுகிறது. வெறும் அழுத்தம் மட்டும் என்றால் மரத்துப்போகும், பலம் குறையும். வெந்து வீங்கிய நரம்பை அழுத்தும்போதுதான் மின்சாரம் பாய்ந்தாற்போல் காலுக்கு வலி ஓடுகிறது. ஊசியில் போகும் ஸ்டீராய்டு இந்த அழற்சியைத் தணிக்கும். "ஜவ்வை உள்ளே தள்ளிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த ஊசியும் டிஸ்க்கைத் தள்ளாது. பிதுங்கிய துண்டை உடம்பே சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும் பெரிய துண்டும், பிய்ந்து தனியாகக் கிடக்கும் துண்டும்தான் இன்னும் நன்றாகக் கரைகின்றன. அதுவரை ஆள் தூங்க, நடக்க, உடற்பயிற்சி செய்ய அவகாசம் வாங்கித் தருவதுதான் ஊசியின் வேலை.

அதனால்தான், காலுக்கு இறங்காமல் இடுப்போடு நிற்கும் வலிக்கு இந்த எபிடியூரல் ஊசி, அதாவது தண்டுவட உறைக்கு வெளியே போடும் ஊசி, பயன்படுவதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி சாதாரண இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசிகள் வேண்டாம் என்றும், கடுமையான, புதிய சயாட்டிகாவுக்கு (நரம்பு வழியே காலுக்கு இறங்கும் வலிக்கு) எபிடியூரலைப் பரிசீலிக்கலாம் என்றும் பிரித்தே சொல்கிறது. வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்கி, நூறடி நடந்தால் இரண்டு காலும் கனத்து உட்கார வேண்டியிருக்குமே, அந்த நோய்க்கும் ஸ்டீராய்டு எபிடியூரல் பெரிய பலன் தருவதில்லை. 2014-ல் அமெரிக்காவில் 400 பேரிடம் செய்த ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்கும் வெறும் மரப்பு மருந்து ஊசிக்கும் ஆறாவது வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் அதற்குக் கீழே இருப்பது, எண் மேலிருந்து எத்தனையாவது என்பது. எல்3-எல்4, எல்5-எஸ்1 பல்ஜ் இரண்டையும் மறந்துவிடுங்கள். ஐம்பது வயதில் எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலே பத்தில் ஆறு பேருக்குப் பல்ஜ் இருக்கும் என்று 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை காட்டியது. படத்தில் தெரிவதற்கெல்லாம் ஊசி போட்டால் முதுகே சல்லடையாகும். எல்4-எல்5 பிதுக்கம் மட்டும் அப்பாவின் வலி ஓடும் பாதையோடு பொருந்துகிறது. அந்த மட்டத்தில் டிஸ்க் ஓரமாகப் பிதுங்கினால் பெரும்பாலும் அடி வாங்குவது எல்5 நரம்பு. கெண்டைக்கால் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், பெருவிரல் ஆகியவை எல்5-இன் எல்லை. பாதத்தின் அடிப்பக்கம், சுண்டுவிரல் என்று வலி போயிருந்தால் எஸ்1 என்று யோசித்திருப்போம். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் ஊசி அன்று குழம்புவீர்கள். எல்5 நரம்பு முதுகெலும்பை விட்டு வெளியேறும் துளை ஒரு மட்டம் கீழே, எல்5-க்கும் எஸ்1-க்கும் நடுவில் இருக்கிறது. "ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்று இருக்க, இவர் ஏன் கீழே குத்துகிறார்?" என்று பலர் பதறுவது இதனால்தான். டாக்டர் சரியான இடத்தில்தான் போடுகிறார்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள், பிறகு முன்னங்காலில் பத்து அடி. இடது குதிகாலில் நிற்கும்போது பாதத்தின் முன்பகுதி தொய்ந்து தரையைத் தொட்டால், அல்லது பெருவிரலை மேலே தூக்கி நீங்கள் விரலால் அமுக்கும்போது வலது விரல் அளவுக்கு எதிர்த்து நிற்காவிட்டால், எல்5 தசை பலவீனமாகியிருக்கிறது. லேசான பலவீனம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஊசியை யோசிக்கலாம். செருப்பு காலில் நிற்காமல் கழலுகிறது, பாதம் தரையில் தட்டுகிறது, வாரா வாரம் கூடுகிறது என்றால் ஊசிக்கு நாள் கடத்தாமல் முதுகெலும்பு அறுவை நிபுணரைப் பாருங்கள். சிறுநீர் வர மறுத்தால், ஆசனவாயைச் சுற்றிச் சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், இரண்டு காலும் ஒன்றாகத் தளர்ந்தால், அது இரவு பன்னிரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் தணியாத முதுகு வலி இவை சேர்ந்திருந்தால் முதுகெலும்பு டி.பி. இருக்கலாம். அங்கே ஸ்டீராய்டு போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். அப்பாவுக்கு அந்த அடையாளம் எதையும் நீங்கள் எழுதவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை. இருந்தாலும் உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கேப்சூல் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். அநேகமாக ரத்தம் உறைந்து கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும், சில சமயம் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடினும் சேர்ந்த ஒரே கேப்சூலாக இருக்கும். "பிளட் தின்னர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பலர் "இல்லை, ஹார்ட்டு மாத்திரைதான்" என்பார்கள். அந்த ஒரு பதிலால் தண்டுவடக் குழாய்க்குள் ரத்தம் கசிந்து கட்டி, நரம்பை நசுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. எபிடியூரல் ஊசிக்கு ஏழு நாள் முன்னாலேயே குளோபிடோக்ரெலை நிறுத்துவதுதான் வழக்கம். ஊசி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி தொடங்குவார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஊசி போடும் டாக்டர் போனில் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர் கையெழுத்தோடு சொல்லட்டும். என்ன வகை ஸ்டென்ட், எந்தக் குழாயில், மாரடைப்பு வந்து வைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் அவர் முடிவெடுப்பார். கால் வலி ஆளைக் கொல்லாது. ஸ்டென்ட் அடைத்தால் கொல்லும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேப்சூலை நிறுத்தினால் குளோபிடோக்ரெலோடு ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்து நின்றுவிடும். ஆஸ்பிரினை விடாமல் தொடரச் சொன்னால், அந்த ஒரு வாரத்துக்கு அவற்றைத் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்குங்கள். இதை மறப்பதுதான் நடைமுறையில் நடக்கும் பெரிய தவறு. ஆறு வாரம் சாப்பிட்ட வலி மாத்திரை டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை என்றால், சுகரும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை. ஒரு கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்.

இனி சுகர். முதுகில் போட்ட ஸ்டீராய்டு அங்கேயே தங்கிவிடாது, ரத்தத்திலும் கலக்கும். முதல் மூன்று நாள் சர்க்கரை நன்றாக ஏறி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கும். 8.9 என்பது மூன்று மாதச் சராசரி, அதை ஒரு வாரத்தில் இறக்க முடியாது. ஆனால் அன்றாட சர்க்கரையை இறக்கலாம். குளோபிடோக்ரெல் நிறுத்திக் காத்திருக்கும் அந்த ஏழு நாளையே இதற்கும் பயன்படுத்துங்கள்: சுகர் டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்து, வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டிக் கொண்டுவரப் பாருங்கள். ஊசி அன்று காலை 200, 250 என்று இருந்தால் பல இடங்களில் தள்ளிப்போடுவார்கள், அது சரிதான். ஏறிய சர்க்கரை கிருமித் தொற்றுக்கு விருந்து. மயக்க மருந்து இல்லாமல் போடும் ஊசிக்கு விடிந்ததிலிருந்து பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எப்படியும் அன்று காலை கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மதியம் வரை வராந்தாவில் காத்திருக்க விடாதீர்கள், சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். எத்தனை மணிக்கு ஊசி, எதைச் சாப்பிட்டு வரலாம், எந்த மாத்திரையை விடலாம் என்று முந்தின நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் என்ன நடக்கும்? அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பின் வளைவு நிமிர வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைப்பார்கள். கையில் சலைன் ஊசி, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப், பி.பி. பட்டை. முதுகைக் கிருமிநாசினியால் அகலமாகத் துடைத்துக் கிருமி நீக்கிய துணியால் மூடுவார்கள். சி-ஆர்ம் என்பது ஆங்கில சி எழுத்துப் போல் வளைந்த எக்ஸ்-ரே கருவி, ஆளைச் சுற்றிச் சாய்த்துப் பார்க்கலாம். அதை இருபது, முப்பது டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் ஒவ்வொரு முதுகெலும்பும் திரையில் ஒரு குட்டி நாய் போலத் தெரியும். ஸ்காட்டி நாய் என்பார்கள். நாயின் கண் இருக்கும் இடம் எலும்பின் தூண், அதற்குச் சற்றுக் கீழேதான் நரம்பு வெளியேறும் துளை. தோலில் இரண்டு, மூன்று மில்லி மரப்பு மருந்து எரிச்சலோடு இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் அன்றைய பெரிய வலி. பிறகு 22 அல்லது 25 கேஜ் மெல்லிய ஸ்பைனல் ஊசி, சுமார் 9 சென்டிமீட்டர் நீளம், அந்த இடத்துக்குப் போகும். ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் ஆழம் தெரியாது என்பதால் நேராகவும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

இங்கே வருகிறது முழு விஷயத்தின் உயிர்நாடி. மருந்து போகும் முன் எக்ஸ்-ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் என்ற சாயத்தை அரை மில்லி, ஒரு மில்லி போட்டுத் திரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சரியான இடம் என்றால் நரம்பின் ஓரமாகக் கோடு போல இறங்கி, எலும்புத் தூணைச் சுற்றி உள்ளேயும் ஏறி நிற்கும். ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் தோன்றிய நொடியே புகைபோல் ஓடி மறையும். வெறும் சிரிஞ்சை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது போதாது. இடுப்புப் பகுதி ஊசிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில் நூற்றுக்குப் பதினொன்று ரத்தக்குழாய்க்குள் போயிருந்தன. அவற்றில் பாதியைக்கூட இப்படி இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. படமே இல்லாமல் கை அனுபவத்தை நம்பிப் போடும் எபிடியூரலில் நான்கில் ஒன்றாவது எபிடியூரல் இடத்தைத் தவறவிடுகிறது என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்ட விஷயம். "அனுபவம் இருக்கு, எக்ஸ்-ரே வேண்டாம்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். கான்ட்ராஸ்ட் படர்ந்த படம் இரண்டு கோணத்திலும் பதிவாகியிருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். ஊசி பலிக்கவில்லை என்றால் மருந்து சேரவே இல்லையா, சேர்ந்தும் பலனில்லையா என்று அடுத்த டாக்டருக்குச் சொல்வது அந்தப் படம்தான். கான்ட்ராஸ்ட் அலர்ஜி முன்பு வந்திருந்தால் சொல்லுங்கள். மீன், இறால் சேராது என்பது இதற்குத் தடையில்லை.

ஊசி போகும்போது அப்பா முழித்திருக்க வேண்டும். தூங்க வைத்துப் போடும் வசதியைக் கேட்காதீர்கள். நரம்பில் ஊசி பட்டால் "ஐயோ" என்று சொல்ல ஆள் வேண்டும். மருந்து மெதுவாக ஏறும்போது பழைய கால் வலி அழுத்தமாக வந்து போவது நல்ல அறிகுறி. மின்னல் வெட்டினாற்போல் இருந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், அசையாமல்.

"கால் விளங்காமப் போயிடும்" என்ற பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். அது கட்டுக்கதை இல்லை, ஆனால் மிக மிக அரிது. அதற்குக் காரணமும் தெரியும். முதுகுத் தண்டின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் கொடுக்கும் ஒரு முக்கியத் தமனி, பெரும்பாலும் இடது பக்கம், விலா எலும்புகளின் கீழ்மட்டத்திலிருந்து எல்2 வரையுள்ள ஏதோ ஒரு நரம்புத் துளை வழியாக நுழைகிறது. சிலருக்கு இன்னும் கீழேயும் நுழையும். மெத்தில்பிரெட்னிசோலோன், டிரையாம்சினோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் பால் போலக் கலங்கியவை, அவற்றில் நுண்ணிய துகள்கள் மிதக்கும். அவை தமனிக்குள் போனால் குழாய் அடைத்து, தண்டுவடத்தின் அந்தப் பகுதி செத்துவிடும். டெக்ஸாமெத்தசோன் தண்ணீர் போலத் தெளிந்தது, துகள் இல்லை. நரம்புத் துளை வழியே போடும் டிரான்ஸ்ஃபொராமினல் ஊசிக்கு முதலில் டெக்ஸாமெத்தசோன்தான் என்பது இப்போது பரவலான நடைமுறை. 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எபிடியூரல் ஸ்டீராய்டுகளின் அபூர்வமான நரம்பு பாதிப்புகள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "டாக்டர், எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு?" டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. போட்டதற்கும் 8, 12 மி.கி. போட்டதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுகர் உள்ள அப்பாவுக்குக் குறைந்த அளவையே கேளுங்கள். மருந்துக் குப்பி உங்களுக்கென்று புதிதாக உடைத்ததா என்றும் பாருங்கள். 2012-ல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்துவிட்ட ஸ்டீராய்டு குப்பிகளால் 750-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்று பெண்கள் சொல்வதும் இதுவும் வேறு வேறு. அது தண்டுவட நீருக்குள் போகும் மரப்பு ஊசி. இது தண்டுவட உறைக்கு வெளியே நிற்கிறது.

ஊசி முடிந்ததும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும். மரப்பு மருந்தால் அந்தக் கால் சில மணி நேரம் மதமதவென்று தளர்ந்திருக்கலாம். படிக்கட்டில் தனியாக இறங்க விடாதீர்கள், அன்று எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. அன்று சாயங்காலம் வலி சுத்தமாக இல்லை என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அது மரப்பு மருந்தின் வேலை. இரவுக்குள் வலி திரும்பும், மறுநாள் கொஞ்சம் கூடவும் செய்யலாம். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஏழு நாள் ஆகும். முகம் சிவந்து சூடாவது, இரண்டு இரவு தூக்கம் வராதது இரண்டும் தானாகப் போய்விடும். வாளித் தண்ணீரில் மறுநாள் குளிக்கலாம், கிணறு, வாய்க்கால் வேண்டாம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். ஏழு நாள் காலையும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பாருங்கள், 300-ஐத் தாண்டினால் சுகர் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் முதுகு வலி, புதிதாகக் கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு வந்தால் ஊசி போட்ட இடத்துக்கே உடனே ஓட வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்றால் தண்டுவட உறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கும் வைத்தியம் உண்டு, மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு நோட்டில் பத்துக்கு எத்தனை வலி என்று முதல் ஆறு மணி நேரம் மணிக்கொரு தடவையும், பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு தடவையும் எழுதி வையுங்கள். முதல் சில மணி நேரத்தில் கால் வலி பாதிக்கு மேல் போனால், மருந்து சேர்ந்த நரம்புதான் குற்றவாளி என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை, ஆனால் படத்தில் மருந்து சரியாகச் சேர்ந்திருக்கிறது என்றால், வலி வேறு இடத்திலிருந்து வருகிறது. அதே இடத்தில் இரண்டாவது ஊசி போட்டு என்ன ஆகப் போகிறது?

இதனால்தான் மூன்று ஊசி பேக்கேஜ் வேண்டாம் என்றேன். முதல் ஊசியிலேயே கால் வலி எட்டிலிருந்து இரண்டுக்கு வந்தவருக்கு இரண்டாவது தேவையில்லை. ஒன்றுமே ஆகாதவருக்கும் தேவையில்லை. நன்றாகக் குறைந்து, சில வாரத்தில் பாதி திரும்பியவருக்கு மட்டும்தான் இன்னொன்று என்று யோசிக்கலாம். வருடத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போகக் கூடாது. அப்பாவுக்கு அதற்கும் கீழே. பேக்கேஜ் கணக்குப் போட உதவும், வலிக்கு உதவாது. ஒரு ஊசிக்கு மட்டும் பணம் கட்டுவோம் என்று சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நம்பலாம்? ஆஸ்திரேலியாவில் டிஸ்க் பிதுங்கிக் கால் வலி வந்த 150 பேரிடம் செய்து 2010-ல் வந்த ஆய்வில், நரம்புத் துளை வழியே ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் வலி பாதியாவது குறைந்திருந்தது. அதே ஸ்டீராய்டைத் தசையில் போட்டவர்களில் அது 21 சதவீதம்தான். மருந்தோடு இடமும் முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. நரம்பு லேசாக அழுந்தியவர்களுக்குப் பலன் அதிகம், நன்றாக நசுங்கியவர்களுக்குக் குறைவு. பிரிட்டனில் 163 பேரிடம் ஊசியையும் டிஸ்க் அறுவை சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2021 ஆய்வில், பதினெட்டாவது வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே சமயம், 2025-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகு வலிக்கும் அதிலிருந்து கை காலுக்கு இறங்கும் வலிக்கும் இத்தகைய ஊசிகள் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது. வலி மருத்துவர் சங்கங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரு தரப்பையும் படித்த என் கருத்து: ஒன்பது வாரமே ஆன, ஒரே நரம்போடு பொருந்துகிற, கால்தான் பிரதானம் என்கிற அப்பாவின் வலி, ஊசிக்குப் பலன் எதிர்பார்க்கக் கூடிய வகையைச் சேர்ந்தது. இரண்டு வருடப் பழைய இடுப்பு வலியாக இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு.

வலி குறைந்த வாரத்திலேயே லோடு ஏற்றப் போய்விட்டால் எல்லாம் வீண். முதல் வாரம் நடை மட்டும், பத்து நிமிடத்தில் தொடங்கி முப்பது வரை. இரண்டாவது வாரத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் சொல்லும் முதுகுப் பயிற்சி. வண்டி எடுக்கும்போது முதலில் குறைந்த தூரம், ஒன்றரை மணிக்கு ஒரு தடவை இறங்கி நடை. பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டும் வேலையை மூன்று மாதத்துக்காவது கிளீனர் பார்க்கட்டும். குனிந்து, திரும்பி, இழுப்பது மூன்றும் ஒரே நொடியில் நடக்கிற வேலை அது.

அம்மாவுக்கு வருகிறேன். 49 வயதில் கழுத்து எக்ஸ்-ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலி கழுத்திலிருந்தா, தோளிலிருந்தா என்பதை இப்படிப் பாருங்கள். அம்மா முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு டிகிரி மடித்து உட்காரட்டும். நீங்கள் முன்கையைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை கதவு திறப்பதுபோல் அகலத் திறந்து, வலது கை பாதியில் இரும்பாக நின்றுவிட்டால் அது தோள்மூட்டு உறைவு. அவர் தூக்க முடியாத கையை நீங்கள் தூக்கினால் முழுக்கப் போகிறது என்றால், தசைநார் அல்லது அதன் மேலிருக்கும் பையில் கோளாறு. தோள் எல்லாப் பக்கமும் அசைகிறது, கழுத்தைத் திருப்பும்போது முழங்கைக்குக் கீழே விரல் வரை மின்சாரம் ஓடுகிறது என்றால் கழுத்து நரம்பு. ரவிக்கைக் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றும் அம்மா சொன்னால் அநேகமாக உறைவுதான். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகம், நீண்டும் நிற்கும்.

அதற்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடும் ஊசி போதும். எலும்புக்குள் ஒளிந்திருக்கும் முதுகு நரம்புக்கு எக்ஸ்-ரே வேண்டும். தோள்மூட்டின் தசைநார், மூட்டுப்பை, ஊசி முனை மூன்றும் அல்ட்ராசவுண்டில் நேராகத் தெரியும், கதிர்வீச்சும் இல்லை. தோளின் பின்பக்கமிருந்து மூட்டுக்குள் ஊசி நுழைத்து, டிரையாம்சினோலோன் 40 மி.கி.யோடு மரப்பு மருந்தும் சலைனும் சேர்த்து, மொத்தம் இருபது முப்பது மில்லி செலுத்திச் சுருங்கிய உறையை ஊதி விரிப்பார்கள். முதுகில் தயங்கச் சொன்ன துகள் ஸ்டீராய்டு தோள்மூட்டில் பிரச்சினையில்லை. தசைநாருக்குள் நேராகப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், அது நாரைப் பலவீனப்படுத்தும். முதல் சில மாதங்களில் போட்டால் பலன் நன்றாக இருக்கும், அதனால் அம்மா இன்னும் தள்ளிப்போட வேண்டாம். மறுநாளிலிருந்தே பயிற்சி: குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, குச்சியைப் பிடித்து நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுவது, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு நான்கு வேளை. ஊசி போட்டுவிட்டுக் கையைத் தூளியில் கட்டி வைத்தால் ஆறு வாரத்தில் பழைய கதைதான்.

ஒருவேளை சோதனையில் கழுத்து நரம்பு என்றே தெரிந்தால், அது கூடுதல் கவனம் வேண்டிய ஊசி. முதுகெலும்புத் தமனியும் தண்டுவடமும் அங்கே ஊசிக்கு மிக அருகில் இருப்பதால், கழுத்தும் முதுகும் சேரும் சி7-டி1 மட்டத்தில், பின்பக்கமாக, சி-ஆர்ம் பார்த்துப் போடுவதுதான் பாதுகாப்பு. கழுத்தில் நரம்புத் துளை வழியே துகள் ஸ்டீராய்டு போடவே கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் ஊசியே வேண்டாம், நேராக அறுவை நிபுணர்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அப்பாவின் கால் தளர்ந்திருக்கும், அம்மாவின் கை மரத்திருக்கும், இரண்டு பேருக்கும் ஒரு வாரம் சுகர் ஏறும். குளோபிடோக்ரெலுக்கான ஏழு நாள் காத்திருப்பு அம்மாவுக்கு இல்லை, அவர் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அவருக்கு முதலில் முடித்துவிட்டு, அப்பாவின் தேதியைக் குறைந்தது பத்து நாள் தள்ளிக் குறியுங்கள்.